எல்லோரும் எழுந்து நின்ற பாட்டு

எங்கள் குடும்பத்தில் ஒழுங்காக ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று பதினொரு வயதில் எனக்கு ஓர் அசைக்க முடியாத எண்ணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சிசியேம், அதாவது ஆறாம் வகுப்பு, தொடங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் சவர்க்காரத் தூள் பெட்டி, அப்பாவின் பனியனில் இருந்த வாசகம் என்று கண்ணில் பட்ட ஆங்கிலத்தையெல்லாம் வீட்டில் உரத்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது எனக்கு ஒரு தடையாக இருக்கவில்லை. அந்த எண்ணத்தோடுதான் ஒரு பாட்டை நிறுத்தினேன். அதே எண்ணத்தோடுதான் அதைத் திரும்பப் பாடவும் வைத்தேன். இரண்டில் எது பெரிய பிழை என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியாது.

பாட்டு மாமாவுடையது. அம்மாவின் அண்ணன். பிரான்சில், மார்க்ஸ் டோர்மோய் என்ற இடத்தில் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டின் சோபாதான் அவருடைய கட்டில். ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை. ஊருக்கெல்லாம் வெங்காய சூப் வைத்துக் கொடுக்கிற மனுஷன், வீட்டில் புட்டும் சொதியும் தவிர வேறொன்றையும் தொடமாட்டார். கலியாணம் செய்யவில்லை. அம்மா வருடத்துக்கு இரண்டு பெண்களின் படங்களைக் கொண்டுவந்து காட்டுவார். மாமா கண்ணாடியைப் போட்டு மரியாதையாகப் பார்த்து, "நல்ல பிள்ளை. நல்ல இடத்திலை குடுக்கச் சொல்லு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவரிடம் ஒரு கிற்றாரும் ஒரு பழைய கசெட்டும் இருந்தன. பிரான்சுக்கு வருவதற்கு முன் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் ஏஜென்சிக்காரனை நம்பி ஏழு மாதம் காத்துக் கிடந்தாராம். பக்கத்து அறைக்காரன் நாள் முழுக்க அந்தக் கசெட்டைத்தான் போடுவானாம். அவன் கனடாவுக்குப் போகும்போது மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மட்டையில் அகலத் தொப்பி போட்ட ஓர் அமெரிக்கப் பாடகர் வேலியில் சாய்ந்து நிற்பார், பின்னால் ஒரு குதிரை. அவருடைய பெயர் எங்கள் யாருடைய வாயிலும் நுழையவில்லை. குதிரைக்காரன் என்றே வீட்டில் பெயர். நாடா இரண்டு தரம் அறுந்து, அம்மாவின் நகப்பூச்சால் ஒட்டப்பட்டு, கடைசியில் பாடவே மறுத்துவிட்டது. மட்டையை மட்டும் மாமா சுவரில் அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தார். துலூசிலிருந்து வந்த உறவுக்காரி ஒருவர் அதன் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, இவர் எந்த ஊர்ப் புனிதர் என்று விசாரித்தார். அம்மா குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தார்.

அந்தக் கசெட்டில் இருந்த ஒரு பாட்டைத்தான் மாமா பாடுவார். மெதுவான பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பவர் போலப் பாடுவார். நல்ல குரல். மன்னாரில் கோயில் பாடகர் குழுவில் பாடியவர்.

ஊரில் சண்டை முடிந்த வருடம் எங்கள் ஆட்கள் யாரும் கலியாணம் கொண்டாடவில்லை. கூப்பிடவும் மனமில்லை, போகவும் மனமில்லை. அடுத்த வருடத்திலிருந்து மூடியைத் திறந்துவிட்டது போலச் சனி ஞாயிறு தவறாமல் மண்டபங்கள். அப்படி முதலில் வந்த ஒரு கலியாணத்தில், கேக் வெட்டியதும் யாரோ மாமாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். மாமா குதிரைக்காரனின் பாட்டைப் பாடினார். பாட்டில் "லோர்ட்" என்ற சொல் இரண்டு இடத்தில் வரும். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவருக்கு அது போதுமாக இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள், அவர்களைப் பார்த்து மண்டபம் முழுக்க. பாட்டு முடிந்ததும் எல்லோரும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து அது ஞானப்பாட்டு ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு மாமா பாடாமல் கலியாணம் நிறைவாகாது என்று வந்துவிட்டது. அவர் பாடிய சோடிகளுக்கெல்லாம் வருடத்துக்குள் பிள்ளை என்று ஒரு பேச்சு. அப்பாவின் அக்காவான மாமிக்கு இதில் தீராத மனத்தாங்கல். அவருடைய மகளின் கலியாணம் ஓர் ஓகஸ்ட் மாதத்தில் நடந்தபோது மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாடவில்லை. மகளுக்கு இன்னும் பிள்ளை இல்லை. "ஊருக்கெல்லாம் செபம் படிச்சவருக்கு என்ரை பிள்ளைக்கு மட்டும் தொண்டை கட்டினது" என்று மாமி எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் சொல்லாமல் போகமாட்டார்.

எழுந்து நிற்பவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பியர்ஃபித் அன்ரி. பியர்ஃபித்தில் இருந்ததால் அந்தப் பெயர். உறவு இல்லை. மன்னாரில் அம்மாவின் ஊர்க்காரி, அதே கோயிலில் அதே பாடகர் குழுவில் பாடியவர் என்று மட்டும் தெரியும். அவருடைய கணவர் மண்டபத்துக்கு வந்தவுடன் ஆண்கள் கூட்டத்தோடு வாசலுக்குப் போய்விடுவார். அன்ரி எப்போதும் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், மடியில் கைப்பையோடு இருப்பார். எங்கள் எல்லோரிலும் பக்தி கூடியவர். ஓகஸ்ட் வந்தால் லூர்து மாதாவிடம் பஸ்ஸில் போய்வருவார். மாதா உருவத்தில் இருக்கும் பிளாஸ்ரிக் போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்து எங்களுக்கும் தருவார். மாமா பாடத் தொடங்கினால் முதலில் எழும்புவது இவர்தான். முடிந்ததும் மற்றவர்கள் கொசு விரட்டுவது போலச் சிலுவை போடுவார்கள். அன்ரி நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று நிதானமாகத் தொட்டு, விரலை முத்தமிட்டுத்தான் உட்காருவார்.

இனி என் பங்கு. அந்தக் குளிர்காலத்தில் ஆங்கில ஆசிரியை ஒவ்வொருவரையும் ஓர் ஆங்கிலப் பாட்டைக் கொண்டுவரச் சொன்னார். வகுப்பில் எல்லோரும் கைத்தொலைபேசியில் இருந்த ஆட்டப் பாட்டுகளைக் கொண்டுவருவார்கள், நான் ஞானப்பாட்டைக் கொண்டுபோய் எல்லோரையும் வாயடைக்கச் செய்வேன் என்று தீர்மானித்தேன். திங்கட்கிழமை மாமாவுக்கு விடுமுறை. பள்ளிக்கூடத்துக்கு என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. போய் முகம் கழுவி, சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நான் எழுதினேன்.

ஆசிரியை அதை வாசித்துவிட்டு, இதை உனக்கு யார் தந்தது என்று கேட்டார். பிறகு வரி வரியாகப் பிரெஞ்சில் சொல்லிக்கொடுத்தார். ஒருவன் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போகிறான். அறுவடைக்கு முன் வந்துவிடுவேன் என்று ஒருத்திக்குச் சொல்லிவிட்டுப் போகிறான். மூன்று அறுவடை போய்விடுகிறது. அவன் வந்து சேரும் நாளில் கோயில் மணி அடிக்கிறது. அவள் வெள்ளை உடுப்பில் இன்னொருவனின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வருகிறாள். அவன் வேலிக்கு அப்பால், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறான். ஆண்டவரே, அவள் நன்றாக இருக்கட்டும் என்கிறான். ஆண்டவரே, அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போகட்டும் என்கிறான். அவ்வளவுதான் பாட்டு. எனக்கு இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளி.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் மாமாவைக் கெடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அம்மாவின் தங்கையான சின்னம்மாவுக்கு இரண்டு கிழமையில் கலியாணம். மண்டபம், பூசை, கடிக்க ரோல்ஸ் எத்தனை, எல்லாம் பேசி முடிந்து, கேக்குக்குப் பிறகு மாமாவின் ஞானப்பாட்டு என்று மாமி சொன்ன இடத்தில் நான் எழுந்தேன். அது ஞானப்பாட்டு இல்லை, காதலியைப் பறிகொடுத்தவனின் பாட்டு என்று அறிவித்து, என் தாளை எடுத்து முழுவதையும் தமிழில் சொல்லிக் காட்டினேன். வேலி, தொப்பி, மணி ஒன்றையும் விடவில்லை.

அப்பா சிரித்தார். மற்ற யாரும் சிரிக்கவில்லை. மாமி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "கலியாண வீட்டிலை ஒப்பாரியோ இவ்வளவு காலமும் படிச்சது? நல்ல வேளை, என்ரை மகளின்ரைக்குத் தொண்டை கட்டினது" என்றார். மகளுக்குப் பிள்ளை இல்லாத காரணத்தை அவர் அந்த நிமிடத்திலேயே மாற்றிக்கொண்டது எனக்கு இப்போதும் வியப்பு. இனி எந்த நல்ல காரியத்திலும் அந்தப் பாட்டு ஆகாது என்று அவர் சொல்ல, கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

மாமா கையில் இருந்த புட்டை உருட்டி வாயில் போட்டு, மென்று முடித்தார். "ஓம். பிள்ளை சொன்னது சரி. இனி அந்தப் பாட்டு நான் படிக்கேல்லை" என்றார். பிறகு தாளை வாங்கிப் பார்த்தார். ஏன் இரண்டு புள்ளி குறைந்தது என்று கேட்டார். நான் பிழை விடவில்லை, பாட்டிலேயே இரண்டு இலக்கணப் பிழை இருக்கிறதாம் என்றேன். "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று சொல்லி, சுவரில் இருந்த குதிரைக்காரனைப் பார்த்தார்.

மறுநாள் காலை அம்மா எனக்குத் தலை பின்னினார். அன்று இழுத்த இழுப்பு ஒரு கிழமைக்குப் போதும். "தெரிஞ்சதெல்லாத்தையும் சொல்ல வேணுமெண்டில்லை" என்றார். உங்களுக்குத் தெரியாததைத்தானே சொன்னேன் என்றேன். அம்மாவின் கை நின்றது. "எனக்குத் தெரியாதெண்டு ஆர் உனக்குச் சொன்னது?" என்று கேட்டார். அம்மா மன்னார் கொன்வென்றில் படித்தவர். ஆனாலும் மகளிடம் தோற்க மனமில்லாமல் பொய் சொல்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

மாமா என்னைக் கோபிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கிற்றார் அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது. குளிக்கும்போது விசிலடிப்பவர் இப்போது தண்ணீர்ச் சத்தத்தோடு குளித்தார். மட்டையும் சுவரில் இல்லை. அந்தோனியார் தனியாக நின்றார். நான் சொன்னது சரி, ஆசிரியையே புள்ளி போட்டிருக்கிறார், ஆனால் மாமாவின் பாட்டு என்னால் போய்விட்டது. அவரிடம் வேறு என்ன இருந்தது? சோபாவும் சூப்பும்தான். அதை நினைத்து நான் ஒரு நாள் கழிவறைக்குள் இருந்து அழுதேன். அழுது முடிந்து வெளியே வரும்போது ஒரு திட்டத்தோடு வந்தேன்.

மாமியின் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வெட்ட முடியாது. ஆனால் பக்தி விஷயத்தில் மாமிக்கு மேல் ஒருவர் இருக்கிறார். லூர்து மாதாவையே நேரில் பார்த்துவிட்டு வருபவர். பியர்ஃபித் அன்ரி இந்தப் பாட்டில் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டால் மாமி வாய் திறக்க முடியாது. அன்ரிக்கு ஆங்கிலம் வராது. ஆகவே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, முழுப் பாட்டையும் என் அழகான கையெழுத்தில் தமிழில் எழுதினேன். இரண்டு நாள் எடுத்தது. "லோர்ட்" வரும் இரண்டு இடத்திலும் ஆண்டவரே என்பதற்குச் சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். அன்ரிக்கு அது பிடிக்கும் என்று தெரியும்.

கலியாணம் சென் தெனிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். காலையில் பூசை, மதியம் சாப்பாடு, மூன்று மணிக்குக் கேக். மாமா புதுக் கோட்டுப் போட்டிருந்தார். கிற்றார் கொண்டுவரவில்லை. பாட்டுப் பெட்டிக்காரன் சினிமாப் பாட்டுகளை அதிரவிட்டுக்கொண்டிருந்தான். அன்ரி கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். நான் போய்ப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து வழக்கை எடுத்து வைத்தேன். மாமா இன்றைக்குப் பாடமாட்டார், பாடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் இதில் ஆண்டவர் இரண்டு தரம் வருகிறார், நீங்களே பாருங்கோ என்று தாளை நீட்டினேன்.

அன்ரி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு வாசித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு தரம் வாசித்தார். மூன்று அறுவடை என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இருந்தார்.

"இதையோ அவர் ஒவ்வொரு கலியாணத்திலையும் படிக்கிறது?"

"ஓம் அன்ரி."

"அர்த்தம் தெரிஞ்சுதான் படிக்கிறவரோ?"

அர்த்தம் அவருக்கு முதலே தெரியும், வீட்டில் எல்லோருக்கும் முன்னால் ஒத்துக்கொண்டார் என்றேன். எத்தனை தரம் படித்திருப்பார் என்று கேட்டார். கணக்கில் நான் எப்போதும் கெட்டி. ஏழு கலியாணம், பிள்ளைகளின் முதல் நன்மை விருந்து இரண்டு, ஒரு வீடு குடிபுகுதல் என்று விரல் மடக்கிச் சொன்னேன். கேள்வி கேட்டவருக்கு முழு விவரமும் கொடுக்க வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே இதையும் சேர்த்தேன்:

"நீங்கள் வந்த எல்லாத்திலையும் படிச்சவர் அன்ரி. நீங்கள் லூர்துக்குப் போயிருந்த நேரம் ஒரு கலியாணம் நடந்தது. அதிலை மட்டும்தான் தொண்டை கட்டிப் போச்சு."

அன்ரி கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் துடைத்தார். அழுக்கு ஒன்றும் இருக்கவில்லை, நான் பார்த்தேன். தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, அதன் பூட்டை அழுத்தி மூடினார். அது என் தாள், மாமிக்குக் காட்ட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்து அம்மாவிடம் நடந்துவிட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

"அவரைப் படிக்கச் சொல்லுங்கோ" என்றார் அன்ரி.

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். எனக்கு அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அம்மாவோ அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குப் பறவாயில்லையோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம். ஒருக்கால் கேக்க வேணும்."

அம்மாவே போய்ப் பாட்டுப் பெட்டியை நிறுத்தினார். மாமி ஏதோ சொல்ல வந்தார். பியர்ஃபித்காரிதான் கேட்டவ என்று அம்மா சொன்னதும் வாயை மூடிக்கொண்டார். என் திட்டம் அச்சொட்டாகப் பலித்தது. மாமா வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்தார். அம்மா அவர் காதருகே போய் என்னவோ சொன்னார். அவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

கிற்றார் இல்லாமல் வெறுங்குரலில் தொடங்கினார். கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஒப்பாரி என்று இரண்டு கிழமைக்கு முன் தலையாட்டியவர்கள் எல்லோரும் பழக்கத்தில் எழுந்து நின்றார்கள். மாமி முடிந்தவரை உட்கார்ந்தே இருந்து பார்த்தார். மண்டபம் முழுக்க நிற்க, தான் மட்டும் இருப்பது ஆண்டவருக்கு அடுக்காது என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டார்.

பியர்ஃபித் அன்ரி மட்டும் எழும்பவில்லை. கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்த முதுகுகளுக்கு நடுவே, ஓர் இடைவெளியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. இது செபம் இல்லை என்று அவருக்கு இப்போது தெரியும், ஆகவே எழும்பத் தேவையில்லை. படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று எண்ணிப் பெருமைப்பட்டேன்.

மாமா கண்ணை மூடித்தான் பாடிக்கொண்டிருந்தார். மணி அடித்தது, படியிறங்கி வந்தார்கள், வேலி வந்தது, தொப்பி வந்தது. முதல் "லோர்ட்" முடிந்தது. அதற்குப் பிறகு எதற்கோ கண்ணைத் திறந்தார். பாட்டு நின்றுவிட்டது.

மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. எத்தனையோ தரம் பாடிய பாட்டு, ஒரு நாளும் இப்படி நடந்ததில்லை. எனக்குத் துடித்துவிட்டது. நான் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் என்னாகும் என்று நினைத்து, மேடைக்குப் பக்கத்தில் ஓடிப்போய், எல்லோருக்கும் கேட்கும்படி அடுத்த வரியை உரத்து எடுத்துக் கொடுத்தேன். ஆண்டவரே, அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போகட்டும். ஆங்கிலத்தில்தான், நல்ல உச்சரிப்போடு.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அந்த வரியைப் பாடி முடித்தார். எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் அன்ரியைத் தேடினேன். நெற்றிக்கும் போகாமல் நெஞ்சுக்கும் போகாமல் அவருடைய கை பையின் பூட்டிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு மாமா அந்தப் பாட்டைப் பாடவில்லை. யாரும் தடுக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "அது படிச்சு முடிஞ்சுது" என்பார். அன்ரி கலியாணங்களுக்கு வராமல் விடவில்லை. லூர்து தீர்த்தமும் தவறாமல் வந்தது. என் தாள் மட்டும் திரும்பி வரவில்லை. நானும் ஓரிரு தரம் கேட்டுப் பார்க்க நினைத்து, ஏனோ கேட்காமல் விட்டேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது காரின் பின் இருக்கையில் மாமாவும் நானும். எனக்குப் புகழ் இன்னும் போதவில்லை. அப்பாவும் அம்மாவும் முன்னால் இருந்து கேட்கட்டும் என்றே உரத்துச் சொன்னேன்.

"நல்ல வேளை மாமா, நான் நிண்டன். இல்லாட்டி நடுவிலை வரி மறந்து நிண்டிருப்பியள்."

அம்மா திரும்பிப் பார்க்காமல் இருந்தார். மாமா என் தலையில் கையை வைத்தார். அந்தக் கை சவர்க்காரத் தூளும் வெங்காயமும் மணக்கும்.

"ஓம் பிள்ளை," என்றார். "மறந்துதான் போனன்."

வெகு காலம் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.